மட்டையானவர் தூங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவருடைய குரலைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மனமார ஒப்புக்கொள்கிறோம். அவருடைய சாவைப் பற்றிச் சொன்னதில் மூன்று பிழைகள் உள்ளன. போதைமருந்தால் இறந்தார் என்கிறது. 27 வயதில் இசைக்கலைஞர்களைக் காவு வாங்கும் சாபம் என்கிறது. குடித்துக் குடித்துத் தன்னைத் தானே அழித்துக்கொண்டார் என்று முடிக்கிறது. குடிநோய் உள்ள வீடுகளில் இந்த மூன்று எண்ணங்களுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. அதனால் எழுதுகிறோம்.

2011 ஜூலை 23 அன்று, லண்டன் கேம்டன் பகுதியில் இருந்த தன் வீட்டின் படுக்கையறையில் அவர் இறந்துகிடந்தார். சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் அவர் உடலில் இல்லை என்று ஆய்வக அறிக்கை சொன்னது. இருந்தது ஆல்கஹால்: 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம். வண்டி ஓட்ட இங்கிலாந்துச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 80; நம் நாட்டில் 30. மூச்சை நிறுத்த 350 போதும் என்று பிரேதப் பரிசோதனை நிபுணர் விசாரணையில் சொன்னார். அறையில் காலி வோட்கா பாட்டில்கள் கிடந்தன. 2011 அக்டோபரில் ஒரு மரண விசாரணை நடந்தது. அதை நடத்திய அதிகாரியின் தகுதி குறித்துக் கேள்வி எழுந்ததால் 2013 ஜனவரியில் மறுபடியும் ஒன்று நடந்தது. இரண்டிலும் ஒரே முடிவுதான்: சாகும் எண்ணமின்றிச் செய்த செயலால் நேர்ந்த மரணம். ஆக அவரைக் கொன்றது, கடையில் பில் போட்டுக் கொடுக்கும் சரக்கு.

அந்த விசாரணையில் வந்த ஒரு தகவலைப் பத்திரிகைகள் ஒரு வரியில் கடந்துவிட்டன. ஏமி அதற்கு முன் சில வாரங்கள் குடிக்காமல் இருந்திருக்கிறார். சாவதற்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் மறுபடி தொட்டிருக்கிறார். எங்களைப் பொறுத்தவரை இந்தச் சாவின் முக்கியமான தகவல் அதுவே.

தினமும் குடிப்பவரின் மூளை அந்த அளவுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஆல்கஹால் நரம்புகளை அமுக்க அமுக்க, மூளை எதிர்த்திசையில் முறுக்கேற்றிக்கொண்டே போகும். கல்லீரலும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். இதைத்தான் ஊரில் 'எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிற்பார்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால் இந்தத் தாங்குதிறன் பெருமளவு இறங்கிவிடும். கைக்குப் பழகிய அளவு மட்டும் மாறுவதில்லை. பழைய கணக்கில் ஊற்றும்போது, பழக்கமில்லாதவர் உடம்பில் அது இறங்குகிறது. உடல் மெலிந்திருந்தால் இன்னும் மோசம். ஏமிக்குப் பல ஆண்டுகளாகப் புலிமியா, அதாவது தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றும் உணவுக் கோளாறு, இருந்ததை அவருடைய அண்ணன் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். அத்தகைய உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பும் எளிதில் தடுமாறும்.

அளவைக் கொஞ்சம் நம் ஊர்க் கணக்கில் பார்க்கலாம். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லி குவாட்டரில் சுமார் 61 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது 7 முதல் 10 கிராம்தான். ஒரே ஒரு குவாட்டர் உடம்பைவிட்டு நீங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று பொருள். எலுமிச்சையோ மோரோ காபியோ அந்த வேகத்தை ஒரு கிராம்கூடக் கூட்டாது. இன்னொன்று: கடைசி மடக்கு குடித்த பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகலாம். படுக்கப் போகும்போது பேசிக்கொண்டிருந்தவர், படுத்த பிறகு இன்னும் ஆழமான போதைக்குள் இறங்குவது இதனால்தான்.

'மட்டையாயிட்டான், கிடக்கட்டும் விடு, தெளிஞ்சா எழுந்திருப்பான்' என்பது நம்மிடம் மிகச் சாதாரணமான பேச்சு. லண்டனிலும் அதேபோன்ற நம்பிக்கைதான் இருந்தது. அன்று காலை 10 மணி வாக்கில் எட்டிப்பார்த்த பாதுகாவலருக்கு அவர் உறங்குவதாகத் தோன்றியது. பிற்பகல் 3 மணிக்குப் பிறகுதான் மூச்சில்லை என்று தெரிந்தது. அவரைக் குறைசொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. எந்த நேரத்தில் உயிர் பிரிந்தது என்றே தெரியாது. வாசற்படியில் நின்று பார்த்தால் உறக்கமும் மயக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளை நன்றாக உலுக்க வேண்டும். உறங்குபவர் முனகியாவது திரும்புவார். மயங்கியவர் அசையமாட்டார். ஒரு நிமிடத்தில் எட்டுக்கும் குறைவான மூச்சு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி, உதடும் நகமும் நீலம் பாரித்தல், சில்லிட்ட தோல், தொண்டையில் களகளவென்ற சத்தம், வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். போதையில் விழுந்து தலையில் அடிபட்டவரும், சாப்பிடாமல் குடித்து ரத்தச் சர்க்கரை இறங்கியவரும் இதேபோலத்தான் கிடப்பார்கள். சரக்கு வாடை வருகிறது என்பதற்காகக் காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். அவர் பக்கத்தில் மண்டியிடுங்கள். உங்கள் பக்கம் உள்ள கையை உடம்புக்குச் செங்கோணமாக நீட்டிவையுங்கள். மறுபக்கக் கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை அவருடைய கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மறுபக்க முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். எத்தனை கனமான ஆளானாலும் ஒருக்களித்துத் திரும்பிவிடுவார். பிறகு தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரையை நோக்கும்படி வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும். மூச்சு நின்றுவிட்டாலோ, மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் இரண்டு கையாலும் சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கொடுத்து வாந்தியெடுக்க வைப்பதும், வாயில் சர்க்கரை போடுவதும், குழாயடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குப் போகலாம்.

கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18 அன்று லண்டனில் இறந்ததும் இப்படித்தான். தூக்கமாத்திரை மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போனதே காரணம் என்று விசாரணை சொன்னது. அவருக்கும் 27 வயது. அடுத்த மாதமே 27 வயதில் இறந்த ஜானிஸ் ஜாப்ளினுக்குக் காரணம் ஹெராயின். ஏமிக்கு ஆல்கஹால். வெவ்வேறு வழியில் நேர்ந்த சாவுகளை வயதை மட்டும் வைத்து ஒரே கயிற்றில் கட்டினால், எதைத் தடுத்திருக்கலாம் என்ற கேள்வியே எழாது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2011 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் கலைஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை எடுத்துக் கணக்குப் பார்த்தது. 27-இல் தனியாக எந்த உச்சமும் இல்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்களுடைய சாவு விகிதம் பொதுமக்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. சாபம் என்று எழுதுவதைவிட இது கவலைக்குரிய செய்தி.

இனி, 'நினைத்தால் விட்டிருக்கலாமே' என்ற பேச்சு. பல ஆண்டுகள் தினமும் குடித்த ஒருவரிடம் சத்தியம் வாங்கி, அறையில் பூட்டிவைத்து, ஒரே நாளில் நிறுத்தினால் உயிரே போகலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இடமும் நேரமும் புரியாமல் போகும், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், காய்ச்சல் அடிக்கும், இதயம் படபடக்கும். 'பேய் பிடிச்சிருக்கு' என்று கோயிலுக்குத் தூக்கிப் போவது அந்தக் கட்டத்தில்தான். போக வேண்டிய இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. முறையாக நிறுத்துவதென்றால் மருத்துவமனையில் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் கொடுத்து 5 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். கூடவே தையமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி. 'தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று தெருமுனை கிளினிக்கில் தையமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. பி1 வற்றிய உடலில் அது மூளையைத் தாக்கி, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விட வழிசெய்யலாம்.

ஏமிக்கும் இந்த குளோர்டயசெபாக்சைடு எழுதித் தரப்பட்டிருந்தது. அவர் சிகிச்சையையே தொடாதவர் என்ற பேச்சு உண்மையில்லை. மறுவாழ்வு மையத்துக்குப் போகமாட்டேன் என்று அவர் பாடிய பாட்டு புகழ்பெற்றதால், அதையே அவருடைய வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். விட்டார், தொட்டார், மறுபடி விட்டார். குடிநோயின் இயல்பான போக்கு அது. சர்க்கரைநோயாளிக்கு ஒரு மாதம் அளவு ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். குடிநோயாளி ஒருமுறை சறுக்கினால் 'மறுபடி ஆரம்பிச்சிட்டியா, நீயெல்லாம் திருந்தவே மாட்ட' என்கிறோம். அந்த ஒரு வசைக்குப் பயந்து, அடுத்தமுறை அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகக் குடிப்பார். தாங்குதிறன் இறங்கிய நிலையில், அருகில் ஆளில்லாமல், வேகமாக. நாங்கள் மிகவும் அஞ்சுவது இந்த மூன்றும் சேரும் இரவை. சறுக்கியவரிடம் கேட்க வேண்டியது மூன்று கேள்விதான்: எவ்வளவு குடித்தாய், எப்போது, கூட ஏதும் மாத்திரை போட்டாயா. தூக்கமாத்திரையோ மேலே சொன்ன மருந்துகளோ குடியோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும் விளைவு பல மடங்காகும். அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள்.

குடியை விட்ட பின் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத்தான் தொடங்குவார்கள். மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். டைசல்ஃபிராம் வேறு வகை. அதை எடுப்பவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். 'அவருக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரங்களை நம்பி, எது என்னவென்று தெரியாத பொடியைச் சாம்பாரில் கலக்கும் குடும்பங்கள் உண்டு. தெரியாமல் டைசல்ஃபிராம் உண்டவர் வழக்கம்போல் ஆஃப் அடித்தால் இதயம் நின்றுபோகலாம். தாங்கள் அத்தகைய விளம்பரங்களை வாங்க வேண்டாம் என்று இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். மறுவாழ்வு மையம் என்ற பெயரில் சங்கிலியால் கட்டிவைக்கும் இடங்களையும் சேர்த்தே சொல்கிறோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்பை மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது, சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

ஏமி 2008 பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகள் வென்றபோதே, அவருடைய தள்ளாட்டத்தை முதல் பக்கத்தில் போட்டுப் பத்திரிகை விற்றார்கள். 2011 ஜூன் 18 அன்று பெல்கிரேட் மேடையில் அவர் நிற்கவே முடியாமல் தவித்தபோது, கூட்டம் ஊளையிட்டது. அந்தக் காட்சி உலகமெங்கும் கேலியாகப் பகிரப்பட்டது. நோய் முற்றிய ஒருவரை மேடையில் எல்லோரும் கண்ணால் பார்த்த நாள் அது. ஐந்து வாரத்தில் இறந்தார். பிறகு அவர் வீட்டு எதிரே பூக்களோடு மதுபாட்டில்களையும் அஞ்சலியாக வைத்தார்கள். அன்பினால்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

தங்கள் கட்டுரையில் 'குடிகாரி', 'போதை அடிமை' என்ற சொற்கள் ஏழெட்டு இடத்தில் வருகின்றன. குடிநோய், குடிநோயாளி என்ற நல்ல சொற்கள் தமிழில் புழக்கத்தில் உள்ளன, அவற்றையே எழுதலாம். இறந்தவரின் கடைசிநாள் தள்ளாட்டப் படத்துக்குப் பதில் அவர் பாடும் படம் போடலாம். இப்படியான செய்தி வரும் நாளில் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி ஒதுக்கித் தாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்கும் முறைக்கு ஒரு கோட்டோவியம், அவசரத்துக்கு 108, போதைமீட்பு ஆலோசனைக்குக் கட்டணமில்லா தேசிய எண் 14446, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்று ஒரு வரி. ஓவியத்துக்கான குறிப்பை எழுதித் தர அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குடிநோய்ச் சிகிச்சையில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் சிலர்