லாந்தனைடு பாடத்தை மணவாளக்குறிச்சி மணலிலிருந்து தொடங்குங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அடுத்த முறை புத்தகத்தைத் திருத்த உட்காரும்போது, லாந்தனைடுகள் (தனிம அட்டவணையின் அடியில் தனியாக நிற்கும் இரண்டு வரிசைகளில் முதலாவது) வரும் இடத்தில் ஒரு மாற்றம் செய்யும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பாடத்தை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். எலக்ட்ரான் அமைப்பு, +3 ஆக்சிஜனேற்ற நிலை, லாந்தனைடு குறுக்கம், அப்புறம் அடுத்த வரிசையான ஆக்டினைடுகளோடு ஒப்பீடு. பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வில் எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். ஒருநாள் கடியப்பட்டணத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, "சார், எங்க ஊர் மண்ணுல கதிர்வீச்சு இருக்குன்னு சொல்றாங்களே, அதுக்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்று எனக்குத் தெரியும். எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மணி அடித்தது, வெளியே வந்துவிட்டேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு தேக்கரண்டி கடற்கரை மணலை வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடியோடு வகுப்புக்குக் கொண்டுபோனேன். கறுப்பாக மின்னுவது இல்மனைட். இளஞ்சிவப்பு கார்னெட். கண்ணாடி போல இருப்பது சிர்கான். பொறுமையாகத் தேடினால்தான் தேன் நிறத்தில் உருண்டையான ஒரு சின்னப் பருக்கை கண்ணில் படும். அதுதான் மோனசைட், லாந்தனைடுகளும் தோரியமும் கொண்ட பாஸ்பேட் கனிமம். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தாளில் சுற்றி மணல்மேல் கொண்டுபோனபோது கறுப்புத் துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன. "இந்தக் காந்தத்துக்குள் இருக்கும் நியோடிமியம், அந்தத் தேன் நிறப் பருக்கைக்குள்ளும் இருக்கிறது" என்று சொன்னதும் பின்வரிசைப் பையன்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். என் பணிக்காலத்தில் லாந்தனைடுக்கு அப்படி ஒரு கூட்டம் கூடியதே இல்லை.

அந்தப் பருக்கைக்குள் பாடம் முழுதும் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். சில ஆண்டுகளிலேயே எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் ஆலை வந்தது. அன்று தேவைப்பட்டது ஆக்டினைடு வரிசையின் தோரியம். காஸ் விளக்கு மேண்டிலுக்காக. தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. பெட்ரோமாக்ஸில் நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டிய அந்த வெள்ளை வலைக்குள், பாடப் புத்தகத்தின் அடிவரிசைகள் இரண்டும் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன.

லாந்தனைடு குறுக்கத்தை, அதாவது வரிசையில் போகப் போக அயனியின் அளவு சுருங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். La³⁺ அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டர், Lu³⁺ வரும்போது 86. இதை எண்ணாக மட்டும் எழுதிப்போட்டால் மாணவருக்கு என்ன புரியும்? பெரிய அயனிகளான லாந்தனமும் சீரியமும் நியோடிமியமும் மோனசைட் படிகத்தில் வசதியாக உட்காருகின்றன. இட்ரியமும் கடைசியில் வரும் சின்ன அயனிகளும் செனோடைம் என்ற வேறொரு பாஸ்பேட் கனிமத்தைத் தேடிப் போகின்றன. அயனியின் அளவு பார்த்து இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. தோரியமும் அளவில் நெருங்கி வருவதால்தான் மோனசைட்டுக்குள் புகுந்துகொண்டது. நம் நாட்டு மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 10 சதவீதம்.

அந்த மாணவியின் கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. தோரியம் கதிரியக்கத் தனிமம். தோரியம்-232-இன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 1,405 கோடி ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகம். அது வெளிவிடும் ஆல்பா துகள் ஒரு தாளையோ தோலையோ தாண்டாது. ஆனால் அதன் சிதைவு வரிசையில் தாலியம்-208 வருகிறது, அது வீரியமான காமாவை வெளிவிடும். தோரான் என்ற வாயுவும் வருகிறது, அரை ஆயுள் 56 வினாடிதான். ஆகவே மணல்மேல் நடப்பது வேறு, மணலைச் சலிக்கும்போது எழும் தூசியை நாள்தோறும் மூச்சில் இழுப்பது வேறு. தாளே தடுத்துவிடும் அதே ஆல்பா, நுரையீரலுக்குள் போய்விட்டால் தடுக்க ஆளில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை எழுதுங்கள். வகுப்பில் மணலைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளை நான் கை கழுவ வைத்தேன், ஊதக்கூடாது என்றேன். ஏன் என்று அவர்களே சொன்னார்கள்.

எண்களையும் தாருங்கள். இயற்கையில் ஒரு மனிதருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடலுக்குச் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதற்கு மேல், மனிதச் செயலால் பொதுமக்களுக்குச் சேரக்கூடிய வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, தரையிலிருந்து வரும் காமாவால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அந்த முடிவையும் மறைக்காமல் எழுதுங்கள். அது அந்த ஊரில், காமாவை மட்டும் கணக்கில் எடுத்துக் கண்டது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். கிள்ளியூர்ப் பக்கம் புதிதாக மணல் எடுப்பது பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் நாளை கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உட்காரப் போகிறவர்கள். மில்லிசீவர்ட் என்ற சொல்லை அவர்கள் முதன்முதலில் அங்கே கேட்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1801-இல் பியாஸி சீரிஸைக் கண்டுபிடித்தார், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் மிகப் பெரியது. 1803-இல் கண்டறிந்த புதுத் தனிமத்துக்கு அதன் பெயரையே வைத்தார்கள்: சீரியம். பெயரில் மட்டுமல்ல உறவு. காண்ட்ரைட் வகை விண்கற்களில் டன்னுக்கு லாந்தனம் சுமார் 0.24 கிராம், சீரியம் 0.61, பிரசியோடிமியம் 0.09, நியோடிமியம் 0.46. ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். அணு எண் இரட்டைப்படையானால் கூடும், ஒற்றைப்படையானால் குறையும். பூமியிலோ நிலவிலோ எடுத்த எந்தப் பாறையின் அளவையும் இந்த எண்களால் வகுத்தால் அந்த ஏற்ற இறக்கம் மறைந்து, பாறையின் சொந்த வரலாறு மட்டும் வரைபடத்தில் மிஞ்சும். ரியூகு என்ற சிறுகோளிலிருந்து 2020-இல் வந்த 5.4 கிராம் மண்ணையும், பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023-இல் வந்த 121.6 கிராமையும் ஆய்வகங்கள் இந்த விண்கற்களோடுதான் வைத்துப் பார்க்கின்றன.

வகுத்து வரையும்போது லாந்தனைடுகளில் ஒன்றான யூரோப்பியம் மட்டும் தனியாகத் துள்ளி நிற்கும், அல்லது பள்ளத்தில் விழும். அது +2 ஆக மாறி பெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகத்தில் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதே காரணம். நிலவின் வெள்ளை மேட்டுப் பகுதிகள் அந்தப் பெல்ட்ஸ்பார் நிறைந்த அனார்த்தோசைட் பாறை. அந்தப் பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் இருக்கிறது. சந்திரயான் சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அதிலிருந்துதான் செய்தது. +2 ஆக்சிஜனேற்ற நிலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

பாடத்தின் பக்கங்களைக் கூட்டச் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் மணல், நடுவில் கதிர்வீச்சு அளவுக்கு ஒரு பக்கம், கடைசியில் விண்கல் அட்டவணையும் ஒரு வரைபடத்தாள் பயிற்சியும். வகுப்பில் நான் பயன்படுத்திய குறிப்பு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் நகலெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்