ஸ்டார்ட்டரில் ஆப்பு செருகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் மின்காந்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆணியில் கம்பி சுற்றிப் பேட்டரியில் இணைப்பது, பழைய இரும்புக் கிடங்கில் காரையே தூக்கும் கிரேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் இருந்தன. 1825-இல் மின்காந்தத்தைச் செய்து காட்டிய வில்லியம் ஸ்டர்ஜன், முதலில் செருப்புத் தைக்கப் பழகியவர் என்பதையும் சேர்த்திருக்கலாம். கைத்தொழில்காரனான எனக்கு அதில் ஒரு பெருமை. ஆனால் எங்கள் கடற்கரையில் அன்றாடம் வேலை பார்க்கும் மின்காந்தத்தைக் கட்டுரை தொடவே இல்லை. அது மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் இருக்கிறது.

மண்டபத்தில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை, உப்பளம், தென்னந்தோப்பு என எல்லா இடத்து மோட்டாரும் வரும். பச்சை பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட்டர் காயிலில் கரண்ட் பாயும். நடுவிலுள்ள இரும்புத் தகடுகள் காந்தமாகி, எதிரே இருக்கும் துண்டை டக்கென்று இழுத்துப் பிடிக்கும். அதோடு சேர்ந்து நகரும் காண்டாக்ட் (மின் இணைப்பு முனைகள்) ஒட்டி மோட்டார் ஓடும். இந்த அமைப்புக்குத்தான் காண்டாக்டர் என்று பெயர். கரண்ட் நின்றால் காந்தம் போய்விடும், ஸ்பிரிங் தள்ளிவிடும். இப்படி விட்டுவிடுவதை நம்பித்தான் பாதுகாப்பு முழுவதும் இருக்கிறது. மூன்று பேஸில் (மின் லைனில்) ஒன்று போய் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால், ஓவர்லோட் ரிலே என்ற பாதுகாப்புக் கருவி இந்தக் காயிலின் கரண்டைத்தான் வெட்டும். சிவப்பு பட்டன் செய்வதும் அதுவே.

வோல்டேஜ் குறைந்தால் காயில் பிடிக்காமல் கடகடக்கும். உடனே நம் ஆட்கள் மட்டையில் ஒரு ஆப்பு சீவி, காண்டாக்டரை அழுத்திச் செருகிவிடுகிறார்கள். அப்புறம் ரிலே வெட்டியும் பயனில்லை, சிவப்பு பட்டனை அமுக்கினாலும் நிற்காது. போன கரண்ட் திரும்பும்போது மோட்டார் தானாக ஓடும். அந்த நேரம் பெல்ட்டில் கை வைத்திருந்தவர் கதி என்ன?

கடகடப்புக்கு வோல்டேஜ் மட்டும் காரணமில்லை. நமக்கு வரும் ஏ.சி. கரண்ட், அதாவது திசை மாறி மாறிப் பாயும் கரண்ட், விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு வரும். அப்போது பிடி தளராமல் இருக்கத்தான் காந்த முகத்தில் சின்னதாக ஒரு செம்பு வளையம் பதித்திருக்கிறார்கள். அது விரிசல் விட்டாலோ, உப்புக் காற்றில் முகம் துருவேறினாலோ இரும்பும் இரும்பும் சரியாக ஒட்டாது. துரு இடைவெளி விட்டால் காயில் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் இழுத்துக் கருகும். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த முகத்தைப் பார்க்கச் சொன்னாலே பல நேரம் சரியாகிவிடும். காயில் போயிருந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். மோட்டாரையே கட்டுவதற்கு ஆகும் செலவு அதற்கு ஆகாது. இது தெரிந்தும் ஆப்பு செருகுகிறவர்களிடம் என்ன சொல்வது!

அடுத்த முறை ஒரு ஸ்டார்ட்டரைத் திறந்து படம் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் காட்ட நிஜமாகவே வேண்டுமென்றால், கழித்துப் போட்டவை என் கடை மூலையில் கிடக்கின்றன. ஆசிரியர்கள் வந்து எடுத்துப் போகலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.