சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும் ஆசிரியைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலின் கல்வி வரலாறு என்றதும் ரிங்கல்தௌபே, மீட், மால்ட் என்று லண்டன் மிஷன் பாதிரியார்களான ஆண்களின் பெயர்களையே சொல்கிறோம். 1819-ல் இங்கு வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அவரையே பலர் மால்ட்டின் மனைவி என்றுதான் அறிவார்கள்.

லேஸை வெறும் கைவேலை என்று தள்ளிவிடுகிறோம். உருளைத் தலையணையில் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, பின்னல் நகர நகர ஒவ்வொரு துளையிலும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டும் முறுக்கியும் பின்ன வேண்டும். எந்த ஜோடி எங்கே என்ற கணக்கு மனதில் நிற்க வேண்டும். ஓரிடத்தில் தப்பினால் சில வரிசை தாண்டித்தான் தெரியும். ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டே அதுவரை பிரித்து வர வேண்டியதுதான். இதைக் கற்றுக்கொடுத்தவர் ஆசிரியை இல்லையா? அந்த லேஸ் விற்ற பணம், நம்மூர் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்த 1855-க்கு முன்பே, சில பெண்பிள்ளைகளின் விடுதலைக்கு விலையாயிற்று.

மார்த்தா போன்றவர்களிடம் படித்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த நம்மூர்ப் பெண்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நூற்றாண்டு மலர்களில் அவர்கள் கிடைப்பது அரிது. பழைய பள்ளிகளின் சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, சபைகளின் திருமணப் பதிவேடு ஆகியவற்றில் கிடைப்பார்கள். திருமணத்துக்குப் பின் தகப்பனார் இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்துவிடும். ஒரே ஆசிரியை இரண்டு பேராகத் தெரிவார். சேர்ந்த தேதியையும் ஊரையும் வைத்தே பொருத்த வேண்டும். நம்மூர் தமிழகத்தோடு இணைந்த 1956-க்கு முந்திய ஏடுகளில் மலையாள எழுத்தும், ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924. இதைக் கவனிக்காமல் எழுதித்தான் பல இடங்களில் ஓராண்டு பிசகுகிறது.

ஏடுகளை லேமினேட் செய்யக்கூடாது, செல்லோடேப் ஒட்டக்கூடாது. பசை காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கி எழுத்தைத் தின்றுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை செல்போனில் படம் எடுத்தாலே போதும். வெற்றுப் பக்கத்தையும் விடக்கூடாது, பக்க வரிசை குழம்பிவிடும்.

கோடை விடுமுறையில் அலமாரிகளை ஒழிக்கும் பள்ளி நிர்வாகங்கள், பழைய பதிவேடுகளை எடைக்குப் போடும் முன் இதற்கு ஒரு வாரம் அனுமதி தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள்,
நாகர்கோவில்.