ஓடுகிற மென்பொருளை ஏன் தொட வேண்டும்? பால் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு உங்களில் சிலருடைய கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன் நான். சென்ற மாதம் ஒரு சங்கத்தின் கூட்டத்தில், மென்பொருளின் அடித்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றப் பணம் ஒதுக்கித் தரும்படி கேட்டேன். "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதை எதற்குத் தொட வேண்டும்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று நின்ற நிலையில் என்னால் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மற்றச் சங்கங்களிலும் இதே கேள்வி வரும் என்பதால், எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

காலையும் மாலையும் உங்கள் சங்கத்தில் பால் அளவும் கொழுப்பும் பதிவாகிற திரைகளை எழுதியது நான். ஆனால் அந்தத் திரைக்கு அடியில் நடக்கிற பெரும்பாலான வேலை என்னுடையது அன்று. உலாவியிலிருந்து வருவதை வாங்குவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, தரவுத்தளத்தில் எழுதுவது எல்லாவற்றையும் ஸ்பிரிங் என்ற சட்டகம், அதாவது பொதுவான வேலைகளுக்கு முன்பே எழுதிவைத்த ஆயத்த அடித்தளம், பார்த்துக்கொள்கிறது. ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள் (மூல நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்) அது. ராட் ஜான்சன் என்ற மென்பொருளாளர் 2002இல் தம் நூலுடன் தந்த நிரல்களிலிருந்து வளர்ந்து, 2004 மார்ச்சில் முதல் முழுப் பதிப்பைக் கண்டது. அப்பாச்சி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்காக எந்தச் சங்கமும் இதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை.

2022 மார்ச் 31ஆம் தேதியை உங்கள் செயலாளர்களில் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாள். அன்று மாலை நான் தொலைபேசியில் கூப்பிட்டு, இரவு எட்டு மணிக்குச் சர்வரை நிறுத்தப் போகிறேன் என்றேன். கோபப்பட்டீர்கள். காரணத்தை விளக்க அப்போது நேரம் இல்லை, இப்போது சொல்கிறேன். ஸ்பிரிங் சட்டகத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அந்த வாரம்தான் வெளியே தெரிந்திருந்தது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், கடவுச்சொல் எதுவும் இல்லாமலேயே சர்வருக்குள் ஒரு கோப்பை எழுதி, அதன் வழியாக அங்கே நினைத்ததைச் செய்ய முடியும் என்ற நிலை. ஜாவா 9 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு, ஜாவா மென்பொருளை இணையத்தில் ஓட்டும் டாம்கேட் சர்வர், அதில் வார் கோப்பாக (ஒரே பொதியாகக் கட்டி) ஏற்றப்பட்ட மென்பொருள், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அந்தத் தாக்குதல் பலித்தது. நம்மிடம் மூன்றும் இருந்தன. அதே 31ஆம் தேதி திருத்தப்பட்ட பதிப்பை வெளியிட்டார்கள்: சட்டகத்துக்கு 5.3.18, அதன் மேல் அமைந்த ஸ்பிரிங் பூட்டுக்கு 2.6.6. நாம் அப்போது 2.6 வரிசையில்தான் இருந்தோம். நிரலில் பதிப்பைக் குறிக்கும் ஒரே ஒரு எண்ணை மாற்றி, சோதித்து, நள்ளிரவுக்கு முன் சர்வரைத் திரும்ப ஏற்றிவிட்டேன். மறுநாள் காலைப் பால் வழக்கம்போல் பதிவானது.

அது அவ்வளவு எளிதாக முடிந்ததற்குக் காரணம், நாம் பராமரிப்பில் இருந்த பதிப்பில் இருந்தோம் என்பது மட்டுமே. இன்று அந்த நிலையில் இல்லை.

ஸ்பிரிங் பூட் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் நவம்பரிலும் புதிய பதிப்பு காண்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலம் வரை இலவசத் திருத்தங்கள் உண்டு. உங்கள் மென்பொருள் இப்போது நிற்கிற 2.7 பதிப்புக்கு அந்தக் காலம் 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. அதற்கு அடியில் இருக்கும் 5.3 சட்டகத்துக்கு 2024 ஆகஸ்டில் முடிந்தது. இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், திருத்தம் பணம் கட்டிச் சந்தா வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும். நமக்கு வராது. அந்த மார்ச் 31 போல் இன்னொரு நாள் வந்தால், மாற்றிப் போட என்னிடம் ஒரு பதிப்பு எண்கூட இருக்காது.

அப்படியானால் ஏன் முன்பே மாற்றவில்லை என்று கேட்பீர்கள். 2.7இலிருந்து 3.0க்குப் போவது வழக்கமான பதிப்பு மாற்றம் அன்று. 2022 நவம்பரில் வந்த 3.0க்கு ஜாவா 17 கட்டாயம். அதோடு இன்னொன்றும் நடந்தது. பெரிய அமைப்புகளின் மென்பொருளுக்கான ஜாவாவின் நிறுவனப் பதிப்பை, அதை வைத்திருந்த ஆரக்கிள் நிறுவனம் 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளை என்ற திறமூல அமைப்பிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆனால் அதன் பகுதிகளுக்கு நிரலில் முன்னால் வரும் 'ஜாவாக்ஸ்' என்ற பெயரைத் தொடர்ந்து வளர்க்க உடன்பாடு ஏற்படவில்லை. எனவே அந்தப் பெயரெல்லாம் 'ஜகார்த்தா' என்று ஆயிற்று. நிரலில் அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு இடத்தையும் மாற்ற வேண்டும். டாம்கேட் 9ஐ எடுத்துவிட்டு 10.1 போட வேண்டும். நாம் சேர்த்திருக்கும் சிறு நிரல் நூலகங்களில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளில்) சிலவற்றுக்கு மாற்றுத் தேட வேண்டும். என் கணக்கில் ஒரு சங்கத்துக்குப் பதினைந்து வேலை நாட்கள். இதற்கிடையில் 2025 நவம்பரில் சட்டகம் 7.0ம் ஸ்பிரிங் பூட் 4.0ம் வந்துவிட்டன. இரண்டு பெரிய பதிப்புகள் பின்தங்கி நிற்கிறோம். இன்னும் தள்ளிப்போட்டால் பதினைந்து நாள் முப்பது நாளாகும்.

திருத்தம் கையில் இருந்தும் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று போதும். ஸ்ட்ரட்ஸ் என்ற வேறொரு ஜாவா சட்டகத்தில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வெளிவந்தது. மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் ஒரு சர்வரில் அதைப் போடத் தவறியது. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை கண்ணில் படவில்லை. ஏறத்தாழ 14.7 கோடிப் பேருடைய விவரங்கள் போயின. நம் சங்கங்கள் சிறியவைதான். ஆனாலும் உங்கள் சர்வரில் ஒவ்வொரு உறுப்பினரின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, ஆதார் எண் இருக்கிறது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டின் பால் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் கணக்கு எண் உள்ள ஒரு வரி தீர்மானிக்கிறது. அதை ஒருவர் மாற்றி எழுதிவிட்டால்?

சங்கத்தின் மின்னணு எடை இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். நேற்று வரை சரியாகத்தானே எடை காட்டியது என்று யாரும் அதை விட்டுவிடுவதில்லை. அன்று கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இது நெருக்கமான விஷயம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் தருகிறது. நம் பக்கத்து உறுப்பினர்களில் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்கச் சிரமம். அதனால்தான் 2016இல் முதல் முறை எழுதும்போதே திரைகளையும் ரசீதையும் இரண்டு மொழியிலும் வைத்தேன். அப்போது இருந்தது ஜாவா 8. பிழைச் செய்திகளுக்கான கோப்பில் அது தமிழ் எழுத்தை நேராகப் படிக்காது. 'கொழுப்பு' என்ற சொல்லுக்குக்கூட எழுத்தெழுத்தாகக் குறியீட்டு எண்களை இட வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஜாவா 9 அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் சங்க அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் உறுப்பினர் பட்டியலைக் கோப்பாக எடுத்தால், பெயர்கள் கேள்விக்குறிகளாக வருவது இன்றும் தொடர்கிறது. ஒவ்வொரு இடமாகத் தேடி நான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறேன். 2022இல் வந்த ஜாவா 18 முதல் எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கக்கூடிய யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையே இயல்பாகிவிட்டது. ஜாவா 21க்கு நாம் மாறினால் மாரியம்மாள் என்ற பெயர் வங்கிக்குப் போகும் பட்டியலிலும் மாரியம்மாள் என்றே இருக்கும்.

நான் கேட்பது இரண்டு. இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பதிப்பு மாற்றத்துக்குப் பதினைந்து நாள் கூலியை ஒதுக்குங்கள். முதலில் ஸ்பிரிங் பூட் 3.5க்குப் போய், அங்கே எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, பிறகு 4.0க்குப் போகலாம். பால் வரத்து குறைவான கோடையில் தொடங்கினால் உங்களுக்கும் இடைஞ்சல் குறைவு. அடுத்த ஆண்டு முதல் இதற்கென ஒரு தனித் தலைப்பு இருக்கட்டும். தொகை சிறியதாக இருந்தாலும் போதும். மூன்று நான்கு சங்கங்கள் சேர்ந்துகொண்டால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், நிரல் ஏறத்தாழ ஒன்றுதான்.

இனி ஒவ்வொரு மே மாதமும் நவம்பரும், ஸ்பிரிங்கில் என்ன புதிதாக வந்தது, எது காலாவதியாகிறது, நமக்கு அதனால் என்ன வேலை என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் எழுதி ஒவ்வொரு சங்கத்துக்கும் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம். அறிவிப்புப் பலகையில் பால் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதை ஒட்டி வையுங்கள். தள்ளிவைத்த தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுக்கும்போது என்னைக் கூப்பிடுங்கள். அந்த மூத்த உறுப்பினரும் அவசியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன்,
கொழிஞ்சாம்பாறை