ஆங்கியின் வில்லைக் குறை சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்கைரிம் வீடியோ கேமில் ஆங்கி என்ற பெண் வைக்கும் வில்வித்தைச் சோதனையை முடித்துவிட்டாயாம். அதோடு நிறுத்தியிருந்தால் சபாஷ் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். "அவ்வளவு மலை ஏறிப் போனதுக்கு இந்த வில்லுதானா அக்கா?" என்று கேட்டாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலவே சலித்துக்கொள்ளும் இன்னும் நாலு பேர் கண்ணிலும் படட்டுமே என்று பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வில் சுமார்தான், மறுக்கவில்லை. மந்திரம் ஏதும் ஏற்றாத எளிய வில். இப்போது நீ வைத்திருக்கும் உயர்ரக எபோனி வில்லின் பக்கத்தில் அதை வைத்தால் பாவமாக இருக்கும். ஆனால் பரிசை வைத்து அந்த சைட் குவெஸ்ட்டை (முக்கியக் கதைக்கு வெளியே வரும் பணியை) எடை போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2011-இல் வந்த அந்த விளையாட்டில் உன் பாத்திரத்தின் திறன் எண்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு உன் கையை மட்டும் சோதிக்கிற இடம் வேறு எது என்று யோசித்துப் பார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நீ எப்படி ஆடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? குனிந்து, இருட்டில் ஒளிந்து, எதிரி திரும்புவதற்குள் ஒரு அம்பு. இப்படி ஒளிந்து அடிக்கும் ஸ்னீக் தாக்குதலுக்கு இரண்டு மடங்கு டேமேஜ் (சேதம்). 'டெட்லி எய்ம்' பெர்க் (கூடுதல் திறமை) எடுத்துவிட்டால் மூன்று மடங்கு. எந்த பில்ட்டில் (பாத்திர வகையில்) ஆரம்பித்தாலும் கடைசியில் எல்லோரும் ஸ்டெல்த் ஆர்ச்சராக (ஒளிந்து எய்யும் வில்லாளியாக) வந்து நிற்பார்கள் என்று ஊரே கேலி செய்வது இதனால்தான். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை தொடங்கி உடும்பு வரை வீழ்த்தினான் என்று புலவர் பாடியதை மிகை என்று சொல்பவர்கள், லெவல் ஏறிய ஒரு ஸ்டெல்த் ஆர்ச்சரைப் பார்த்ததில்லை போலும்.

ஆங்கியின் இலக்குப் பலகைக்கு இந்த மடங்குக் கணக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. டேமேஜ் பத்தா நூறா என்று அது கேட்பதில்லை. பட்டதா, படவில்லையா, அவ்வளவுதான். அம்பும் உன்னுடையது அல்ல, அவள் கொடுக்கும் பயிற்சி அம்புகள். முதலில் பக்கத்தில் இருக்கும் மூன்று இலக்குகளை நிதானமாக அடி. பிறகு அதே மூன்றை நேரக் கெடுவுக்குள் அடி. பிறகு கெடு இன்னும் குறையும். கடைசியில் தூரத்து இலக்கு. குவெஸ்ட்டின் பெயரிலேயே நிதானம், வேகம், துல்லியம் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. பெயர் வைத்தவர் கதை அளக்கவில்லை.

இது எவ்வளவு அரிது என்று புரிய, அதே தொடரின் பழைய விளையாட்டு ஒன்றுக்குப் போக வேண்டும். 2002-இல் வந்த மாரோவிண்டில் அம்பு எதிரியின் நெஞ்சில் போய்ச் செருகுவதைக் கண்ணால் பார்ப்பாய். ஆனாலும் படவில்லை என்றுதான் கணக்காகும். உள்ளே ஒரு பகடை உருண்டுகொண்டிருக்கும். உன் பாத்திரத்தின் திறன் எண்ணும் களைப்பும் சேர்ந்து, பட்டதா இல்லையா என்று தீர்மானிக்கும். குறி பார்த்தது நீ, தவறவிட்டது உன் பாத்திரம்! 2006-இல் ஆப்லிவியன் வந்தபோது அந்தப் பகடையை எடுத்துவிட்டார்கள். பட்டால் பட்டது. ஸ்கைரிமும் அதே வழி. ஆர்ச்சரி (வில்வித்தைத் திறன் எண்) 15-இல் இருந்தாலும் 100-இல் இருந்தாலும் அம்பு ஒரே கோட்டில்தான் பறக்கும். திறன் ஏற ஏற டேமேஜ் கூடும், குறி கூடாது. அதாவது ஆர்ச்சரி என்ற எண்ணும் உன் குறியும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை மற்ற இடங்களில் விளையாட்டு மூடி மறைக்கிறது. ஆங்கியின் குடிலுக்கு முன்னால் மட்டும் அது வெளிச்சத்துக்கு வருகிறது.

தூரத்து இலக்கில் கை தடுமாறியது என்று எழுதியிருந்தாய். காரணம் இருக்கிறது. ஸ்கைரிமில் அம்பு கிராஸ்ஹேர் (திரை நடுவில் உள்ள குறிப்புள்ளி) காட்டும் இடத்துக்கு நேராகப் போவதில்லை. சற்றே மேல்நோக்கிக் கிளம்பும்படி ஒரு கோணம் வைத்திருக்கிறார்கள். அதனால் பக்கத்து இலக்கில் புள்ளிக்கு மேலே படும். தூரம் கூடும்போது தாழ்ந்து தாழ்ந்து புள்ளிக்குக் கீழே போய்விடும். முதல் மூன்று இலக்குகளில் நீ பழகிய கண், நான்காவதற்குத் தலைகீழாகப் பழக வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் சிலர் விளையாட்டின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் அந்தக் கோணத்தின் எண்ணைக் குறைத்துவிட்டு அம்பை நேராக்கிக்கொள்வார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. எனக்கென்னவோ அந்த வளைவைக் கண்ணளவில் கணக்குப் போடுவதில்தான் சுவை.

நேரக் கெடு வைத்த சோதனைகளில் எபோனி வில்லோடு நின்றாயே, அதைத்தான் நினைத்துச் சிரித்தேன். கனமான வில்லில் நாண் இழுக்க நேரமாகும். டேட்ரிக் வில்லின் வேகம் சாதாரண லாங் போவின் வேகத்தில் பாதிதான். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது டேமேஜை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லேசான வில்லை எடுத்திருக்க வேண்டும். பக்கத்து இலக்குக்கு நாணை முழுதாக இழுக்கக்கூடத் தேவையில்லை. பாதி இழுத்து விட்டால் அம்பு வேகம் குறைந்து சீக்கிரம் தாழும், அந்தத் தூரத்துக்கு அது போதும். 'ஈகிள் ஐ' பெர்க்கோடு கண்ணை இடுக்கிக் குறி பார்ப்பதும், 'ஸ்டெடி ஹேண்ட்' போட்டுக் காலத்தை மெதுவாக்குவதும் தூரத்து இலக்குக்கு உதவும்தான். ஸ்டாமினா (உடல் தெம்பு) கரைவதைப் பார்த்துக்கொள்.

இனி பரிசு. வில்லைப் பற்றியே பேசுகிறாயே, ஒவ்வொரு சோதனையிலும் ஆர்ச்சரி ஏறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேறு ஆசிரியர்களிடம் போனால் பொற்காசு எண்ணி வைக்க வேண்டும்; ஒரு லெவலுக்கு ஐந்து பயிற்சிக்கு மேல் கிடையாது. (ரிவர்வுட் ஊரின் வில்லாசிரியன் ஃபேண்டாலைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, காசு கொடுத்துக் கற்று, பிறகு அவன் பையிலிருந்தே அந்தக் காசைத் திரும்ப எடுக்கும் வித்தை உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.) ஆங்கி ஒரு காசு கேட்கவில்லை.

இங்கே இன்னொரு சண்டையும் இருக்கிறது. ஆர்ச்சரி 90-ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு படியும் ஏறுவது பெரும்பாடு, ஆகவே ஆங்கியைக் கடைசிவரை சேமித்து வைக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லும். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் குறி பார்க்கக் கற்றுத்தரும் ஒருத்தியிடம், கற்று முடித்துக் கைதேர்ந்த பிறகு போய் நிற்பதில் என்ன இருக்கிறது? அவளிடம் போக வேண்டியது ஆரம்பத்தில்தான். மூன்றில் ஒரு அம்பு எங்கோ போய் விழும் காலத்தில். நீ தற்செயலாகவே சரியான நேரத்துக்குப் போயிருக்கிறாய்.

நீ அவளிடம் பேசாமலே இறங்கி வந்துவிட்டாய் என்பது உன் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. பேசியிருந்தால், ஃபால்க்ரீத் ஊருக்குத் தெற்கே அவ்வளவு உயரத்தில் ஒருத்தி ஏன் தனியாக இருக்கிறாள், முதலில் உன்னைக் கண்டதும் ஏன் அப்படிச் சந்தேகமாகப் பார்த்தாள் என்று கேட்டிருப்பாய். ஹெல்கனில் அவளுடைய குடும்பத்தைக் குடிகாரர்கள் இருவர் கொன்றார்கள். அவர்களை அவள் கொன்றாள். அதன் பிறகு ஊரில் இருக்க முடியாமல்தான் இந்த மலை. எந்த ஹெல்கன்? உன் தலையை வெட்டுமரத்தில் வைத்தார்களே, விளையாட்டு தொடங்கியதும் டிராகன் வந்து எரித்ததே, அதேதான். அவளுக்கு இருந்த ஊர் உனக்கு வெறும் டியூட்டோரியல். இதை யாரும் உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வதில்லை; கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. எழுதியவர்களின் அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

செல்டா வீடியோ கேம் தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்டில் (2017) பறவை மனிதர்களான ரீட்டோ இனத்தாரின் பறப்புக் களத்தில் டேபா என்ற வீரன் வைக்கும் சோதனையும் இதே இனம்தான்: காற்றில் எழும்பி, 3 நிமிடத்தில் 5 இலக்குகள். அந்தரத்தில் நாண் இழுத்ததும் உலகம் மெதுவாகிவிடும், ஸ்டாமினா வேகமாகத் தீரும். ஆடுவதற்கு அது இதைவிட ஜோர். ஆனால் அது வா மெடோ என்ற ராட்சத இயந்திரப் பறவையை எதிர்கொள்ளப் போகும் வழியில் இருப்பது. அங்கே செய்வதையே அடுத்து வானத்தில் செய்யப்போகிறாய். ஆங்கியின் சோதனை எங்கும் கொண்டுபோய் விடுவதில்லை. முடிந்ததும் யாரும் உன்னை மாவீரன் என்று சொல்வதில்லை, எந்தக் கதவும் திறப்பதில்லை. எனக்கு அதனாலேயே இது ஒரு படி மேல்.

குறி பார்ப்பதில் ருசி கண்டுவிட்டாய் என்றால், அதே செல்டா தொடரில் 1998-இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைமில் கெருடோ இனத்தாரின் குதிரை வில்வித்தையை ஆடிப் பார். உன் குதிரை எபோனா ஓடிக்கொண்டிருக்கும், கையில் 20 அம்புகள். இலக்கின் நடுவில் பட்டால் 100 புள்ளி. 1000 புள்ளிக்கு இதயத் துண்டு (உயிர் அளவைக் கூட்டச் சேர்க்கும் பரிசு), 1500-க்கு இன்னும் பெரிய அம்பறாத்தூணி. முதலில் 1000 எடு, 1500 பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா