பேட்டரிக்கு மானியம் இல்லையாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போன வாரக் காற்றில் கோயில் முக்குத் தென்னை கம்பிமேல் சாய்ந்து, சாயங்காலம் போன கரண்ட் மறுநாள் மதியம்தான் வந்தது. நீ மாட்டிக் கொடுத்த சோலார் பேட்டரியால் நம் வீட்டில் மட்டும் இரண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடின. கோடிவீட்டு அத்தை இன்சுலினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தவர்கள் திண்ணை நிறைய. "எல்லாம் என் பிள்ளை வேலை" என்று அப்பா ஒருவரையும் விடவில்லை. 2018 கஜா புயலில் வாரக்கணக்கில் அரிக்கேன் விளக்கோடு கிடந்த ஊர் அல்லவா இது.

வெறும் பேனலாக இருந்தபோது வெயில் கொளுத்தினாலும், லைன் போனால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிய வயர்மேனை நம் கரண்ட் தாக்கிவிடக் கூடாதாம். அப்பா அதற்கும் கோபித்தார். இப்போது லைன் போனால் வீடு தனியாகப் பிரிந்துகொள்கிறது. பகலில் பேனலே பேட்டரியை நிரப்புகிறது. பழையது போல் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. மோட்டார் மட்டும் போடுவதில்லை, கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் இன்வெர்ட்டர் நின்றுவிடும். மேகம் கட்டினாலே தொட்டியை நிரப்பிவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடன் கிடன் வாங்காதே.

பேட்டரியும் மானியத்தில் வந்தது என்றாய். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அது பேனலுக்குத்தான், பேட்டரிக்கு ஒரு பைசா கிடையாது என்று மாட்ட வந்த பையன் சொல்லிவிட்டான். அப்பா காதில் போடவில்லை. தீபாவளியன்று வீடியோவில் மருமகள் முறுக்குத் தட்டைத் தூக்கிக் காட்டினாள். கை நிறையக் கண்ணாடி வளையல், அழகாகத்தான் இருந்தது. பாட்டி வளையல் கனம், அடுப்படி வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருப்பாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் வீடியோவில் வருவதே இல்லை, வெறும் குரல்தான்.

கேட்காமலே செய்கிற பிள்ளை என்று தெருவே பேசுகிறது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை போல. நாங்கள் இருட்டுக்குப் புதிதா? கடன் மட்டும் வேண்டாம், தம்பி. வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

தை மாதம் எடுக்க வைத்திருந்த சீட்டை இப்போதே தள்ளி எடுத்துவிட்டேன். பணம் மருமகள் கணக்குக்கு வரும், உன் கணக்குக்கு இல்லை. எதற்கு என்று அவளுக்குத் தெரியும். திருப்பி அனுப்புகிற வேலை வைத்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு வரும்போது பாட்டி வளையலைப் போட்டுக்கொண்டு வரச் சொல். அப்பா பார்க்க ஆசைப்படுகிறார்.

அம்மா