றாக்கையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

கிளிநொச்சியில் கிளை நடத்தும் பல்பொருள் அங்காடியின் தலைமை அலுவலகத்தாருக்கு,

வணக்கம். மாதக் கடைசி விலைக்கழிவு விற்பனையில் நடந்ததைக் கிளை முகாமையாளர் ஏற்கெனவே அறிவித்திருப்பார். றாக்கையில் தொங்கிய மஞ்சள் கழிவுச் சீட்டில் போட்ட விலை பில்லில் விழவில்லை. இது முதல் தடவையும் அல்ல. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: றாக்கையில் எழுதிய விலையே கவுண்டரிலும் விழ வேண்டும்.

ஏன் விழுவதில்லை என்பது புதிரல்ல. கழிவைக் கணினியில் ஏற்றுவது கொழும்பில் நீங்கள். சீட்டைச் செருகுவதும் கழற்றுவதும் இங்குள்ள பிள்ளைகள். கழிவு நள்ளிரவோடு முடிந்தாலும் சீட்டு மறுநாள் மத்தியானம் வரை தொங்கும். 100 கிராம் சவர்க்காரத்துக்குக் கழிவு, மூன்று சேர்த்துக் கட்டிய பொதிக்கு இல்லை. அதன் பார்கோடு வேறு. சீட்டு மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

காலாவதி நெருங்கிய சாமான்களில்தான் கொடுமை அதிகம். விலை குறைத்து ஒட்டும் ஸ்டிக்கரில் தனிப் பார்கோடு இருக்க வேண்டும். இங்கே பேனையால் விலையை மட்டும் எழுதி ஒட்டுகிறார்கள். காசாளர் பொதியின் பழைய பார்கோட்டைக் காட்ட, முழு விலை விழுகிறது. அதைத் திருத்த மேற்பார்வையாளரின் கடவுச்சொல் வேண்டும். அவர் களஞ்சியத்தில் நிற்பார். பின்னால் வரிசை நீளும். விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி, காசை எண்ணி எடுத்து வந்த அம்மா பால்மாப் பையை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை விடுங்கோ தம்பி" என்று ஒதுக்கி வைப்பார். அந்தப் பால்மாவுக்காகத்தான் அவர் உள்ளே வந்ததே. போதாக்குறைக்குச் சில பொதிகளில் ஸ்டிக்கர் காலாவதித் திகதிக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. கழிவுக்குக் காரணமே அந்தத் திகதிதானே, ஐயா?

பெரிய பொதிக் கணக்கும் உண்டு. ஒரு கிலோ சலவைத்தூள் 520 ரூபாயை வெட்டி 460 என்று வையுங்கள். பக்கத்தில் கழிவில்லாத 500 கிராம் 220 ரூபாய். இரண்டு எடுத்தால் 440. 100 கிராம் என்ன விலை என்று சீட்டில் போட்டால் இந்த வித்தை நடக்காது.

வார இறுதியில் கடனட்டைக்கு 20 வீதக் கழிவாம். காலபோக நெல் விற்ற காசை மடியில் சுருட்டி வருபவர் எந்த வங்கியின் அட்டையை நீட்டுவார்? நிபந்தனைகளோ ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில். அந்தக் காலக் கூட்டுறவுச் சங்கக்கடைப் பலகையில் வெண்கட்டியால் எழுதிய விலைதான் பில்லிலும் வந்தது. அதற்குக் கணினி தேவைப்படவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறோம். கழிவு முடியும் இரவே சீட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். காலையில் கதவு திறக்கும் முன் ஒருவர் கை ஸ்கேனரோடு கழிவுச் சாமான்களை ஒருமுறை சரிபார்க்கட்டும். பேனை ஸ்டிக்கரை நிறுத்தி, பார்கோடு உள்ளதைத் திகதி தெரிய ஒட்டுங்கள். விலை முரண்பட்டால், மேற்பார்வையாளரைத் தேடாமல் குறைந்த விலையைப் போடும் அதிகாரத்தைக் காசாளருக்கே கொடுங்கள். றாக்கை விலையே பில் விலை. வேறொன்றும் கேட்கவில்லை.

நுகர்வோரை ஏமாற்றும் வியாபார நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. அந்த அதிகாரசபைக்கு முறையிடும் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் எங்களுக்குத் தெரியும். முதலில் உங்களிடம் கேட்பது மரியாதைக்காக.

பதிலை அடுத்த கழிவு விற்பனைக்கு முன், கிளை வாசலில் தமிழில் ஒட்டிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிளிநொச்சிக் கிளை வாடிக்கையாளர்கள்